மூன்று வால் பூச்சி

வேலூர்,
செவ்வாய்

அன்புள்ள அப்பாவுக்கு,

கயல் எழுதுகிறேன். முழங்கால் வலி குறைந்ததா? தென்காசியில் சாரல் விழுகிறதா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

இங்கே கல்லூரியில், தண்ணீரில் வாழும் பூச்சிகளை எண்ணி, ஆறு எவ்வளவு சுத்தம் என்று மார்க் போடுகிறோம். நல்ல தண்ணீரில் மட்டும் வாழும் மூன்று வால் பூச்சி கிடைத்தால் பத்து மார்க். சிவப்புப் புழு மட்டும் இருந்தால் ஒன்று. என் அறைத்தோழி ஹெலனுக்கு அணைக்கட்டுப் பக்கம் மலையோடை கொடுத்தார்கள். எனக்குத் தோல் ஆலைக் கழிவு கலக்கும் ஆம்பூர்ப் பாலாறு. அவள் தண்ணீர் பிடித்து வரும் புட்டியைப் பார்த்தால் எங்கள் பேராசிரியர் சாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. என் புட்டியைத் திறந்தால் மூக்கைப் பொத்துவார். பொறுக்க முடியாமல், போன வாரம் அவளுடைய பூச்சி ஒன்றை என் புட்டியில் போட்டுவிட்டேன். சார் மகிழ்ந்துபோய் ஊர்க் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார்.

இன்று ஆம்பூரில் தண்ணீர் எடுக்கப் போனபோது, ஆற்றங்கரையில் குடியிருக்கும் அம்பிகா அக்கா என்னைத் தேடி வந்தார்.

"ஆறு நல்லாய்டுச்சாமே! இன்னாம்மா, இனிமே போர் தண்ணியவே புள்ளைங்களுக்குக் குடுக்கலாமா?"

"வேணாங்க்கா, நான் பொய் சொல்லிட்டேன்" என்றேன். நாளை சாரிடமும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து நீங்களே திட்டுங்கள்.

எலுமிச்சை ஊறுகாய் இரண்டு புட்டி அனுப்புங்கள். ஒன்று ஹெலனுக்கு. அவளுக்குச் சின்னப் புட்டி போதும்.

அவசரத்தில்,
கயல்