புள்ளி இல்லாத வால்வு

மாமா,

இன்று காலை உங்கள் ரேடியோவைப் போட்டேன். உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழாய் வால்வுகள் சூடேற ஏற, படிந்திருந்த தூசி வெந்து, மெழுகும் பழைய மரமும் கலந்த அந்த வாசனை கூடமெல்லாம் பரவியது. பேச்சோ பாட்டோ வருவதற்கு முன்னால் அந்த வாசனைதான் வரும். வந்ததும் என்னையறியாமல் திரும்பி உங்கள் நாற்காலியைப் பார்த்தேன். இருந்திருந்தால், "யாரு போட்டது?" என்று உள்ளறையிலிருந்தே கேட்டிருப்பீர்கள். நீங்கள் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இன்னும் உங்களுக்குத் தெரியாமல் அதைத் தொடுகிற மாதிரிதான் எனக்கு இருக்கிறது.

துடியலூரில் இந்த வீட்டுக்கு நான் மருமகளாக வந்த மூன்றாம் நாள், கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ரேடியோவின் பின்பக்கத்தைச் சுற்றி ஒரு வெள்ளை நூல் கட்டியிருந்ததைப் பார்த்தேன். எதற்கு என்று தெரியாமல் தூசியோடு சேர்த்து அதையும் துடைத்துவிட்டேன். மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நீங்கள் தட்டைப் பார்த்தபடியே கேட்டீர்கள்.

"அம்மணி, நூல் நகுந்திருக்குது. தொட்டயா?"

துடைத்தேன் என்றேன். வேறொன்றும் செய்யவில்லையே என்று இன்னொரு முறை கேட்டீர்கள். நான் சரவணம்பட்டிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் லேபில் வேலை பார்க்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். மற்ற மாமனார்களுக்கு அது பெருமையாக இருந்திருக்கும். உங்களுக்கு மட்டும், விஷயம் தெரிந்த கை ஒன்று வீட்டுக்குள் வந்துவிட்டதே என்ற கவலை.

முப்பது வருஷம் மில்லில் ஸ்டோர்ஸ் பார்த்தவர் நீங்கள். ஒரு போல்ட் வெளியே போனாலும் அதற்கு ஒரு சீட்டு இருக்க வேண்டும். மில் மூடிய பிறகு அந்தக் கண் வீட்டுக்கு வந்துவிட்டது. தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பாலில் மானியை விட்டுப் பார்ப்பீர்கள். கேஸ் சிலிண்டரைத் தராசில் தொங்கவிட்டுத்தான் உள்ளே எடுப்பீர்கள். முதல் இரண்டு வருஷம் எனக்கும் அந்த வியாதி தொற்றிக்கொண்டது. என் கைப்பையின் ஜிப்பைப் பாதி திறந்த மாதிரி வைத்துவிட்டுப் போய், திரும்பி வந்ததும் அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒரு நாளும் நகர்ந்திருந்ததில்லை. அதை உங்களிடம் சொன்னதும் இல்லை.

அப்புறம் ஒரு நாள் ரேடியோவில் இரைச்சல் கூடிக்கொண்டே போய், உள்ளிருந்து லேசாகப் புகை வந்தது. ஓடிவந்து ப்ளக்கைப் பிடுங்கினேன். நீங்கள் புகையைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தீர்கள். எனக்கு அன்று பொறுக்கவில்லை. "நீங்க முன்னால உக்காந்து பாருங்க மாமா, நானே சரி பண்ணித் தாரேன்" என்றேன். இரண்டு நாள் யோசித்தீர்கள். பிறகு சம்மதித்தீர்கள், நிபந்தனைகளோடு. பகலில்தான் பிரிக்க வேண்டும். கழற்றுகிற ஒவ்வொன்றையும் வெள்ளைத் துண்டின் மேல் வரிசையாக வைக்க வேண்டும். எது எங்கிருந்து வந்தது என்று நீங்கள் நோட்டில் எழுதிக்கொள்வீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நூலை நீங்களே அவிழ்த்தீர்கள். உள்ளே ஐந்து வால்வுகள். நான்கின் அடியில் சிவப்புப் பெயின்டில் ஒரு சிறு புள்ளி. ஒன்றில் மட்டும் இல்லை. நான் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னீர்கள்.

"அதுதான் பழனிச்சாமி மாத்துனது."

பழனிச்சாமி யார் என்று எனக்கு ஓரளவு தெரியும். இரண்டு தெரு தள்ளி, எரிந்த மோட்டார்களுக்குக் கம்பி சுற்றித் தரும் ரீவைண்டிங் கடை வைத்திருந்தவர். எதிரே வந்தால் நீங்கள் சாலையின் மறுபக்கம் போய்விடுவீர்கள். ஏன் என்பதை அன்றுதான் முழுதாகச் சொன்னீர்கள். ஒரு காலத்தில் அவர் ரேடியோ மெக்கானிக், உங்களுக்கு உயிர் சிநேகிதர். ரேடியோவைச் சரிபார்த்துக் கொடுத்துவிட்டுப் போன ஒரு வாரத்துக்குள் சிற்றலை மொத்தமும் செத்துப்போனது. உள்ளூர் நிலையம் மட்டும் வந்தது, கடல் தாண்டி வந்த குரல்கள் நின்றுபோயின. திறந்து பார்த்தீர்கள். நீங்கள் புள்ளி வைத்த வால்வு போய், புள்ளி இல்லாத ஒன்று அந்த இடத்தில் இருந்தது. மறுநாள் காலையில் மெயின் ரோட்டு பேக்கரியில், டீ குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேர் முன்னாலும், அவரைத் திருடன் என்று சொன்னீர்கள். அதன் பிறகு அவரிடம் யாரும் ரேடியோ கொடுக்கவில்லை. அவர் மோட்டார் சுற்றப் போனது அதனால்தான்.

கேட்டபோது நான் உங்கள் பக்கம்தான் இருந்தேன். நீங்கள் சொன்ன கோளாறும் சரியாகப் பொருந்தியது. வெளியிலிருந்து வரும் அலையைப் பிடித்துத் தருகிற அந்த வால்வு பலமிழந்தால் முதலில் சாவது சிற்றலைதான்.

வால்வைப் பிடுங்கித் துண்டின் மேல் வைக்கும்போது அதன் மறுபக்கத்தைப் பார்த்தேன். வெள்ளைப் பெயின்டில் இரண்டு ஆங்கில எழுத்துகள், ஒரு எண். எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் லேபில் மீட்டரிலிருந்து ஸ்டூல் வரைக்கும் நாங்கள் எழுதுவது அதைத்தான். அது ஒரு கல்லூரி லேபின் இருப்பு எண். தனிக் கடை வைத்திருந்த பழனிச்சாமியிடம் அந்த வால்வு வர வழியில்லை. உங்கள் இரண்டு மகன்களும் பாலிடெக்னிக்கில் படித்தவர்கள்.

உங்களிடம் ஒன்றும் சொல்லாமல் வேலையைப் பாதியில் நிறுத்தினேன். சாமான் வாங்க வேண்டும் என்று சொன்னேன். நீங்கள் நோட்டில் எழுதிக்கொண்டீர்கள்.

மறுநாள் நீங்கள் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். முதலில் சிரித்தார். எழுத்துகளைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. கல்லூரிக் கண்காட்சிக்காக அவரும் நண்பர்களும் ஒரு ரேடியோ செய்தார்களாம். ஒரு வால்வு கிடைக்கவில்லை. இரண்டு நாளில் திரும்ப வைத்துவிடலாம் என்று உங்களுடையதை எடுத்தார். தப்பாக இணைப்புக் கொடுத்ததில் அது எரிந்துபோனது. லேபில் கழித்துப் போட்டிருந்த பழைய ஒன்றைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார். பழனிச்சாமி மேல் பழி விழுந்தபோது சொல்லப் பயம். பயம் போனபோது, சொல்வதற்கு நேரம் கடந்துவிட்டது. அப்பாவிடம் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டார். நாற்பத்தைந்து வயது ஆள் அன்று என் முன்னால் காலேஜ் பையன் மாதிரி நின்றார்.

நானும் சொல்லவில்லை. மூன்று வாரம் உங்கள் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தேன். நான் எதையோ ஒளிக்கிறேன் என்று நீங்கள் சந்தேகப்பட்டீர்கள். அந்த ஒரு முறை உங்கள் சந்தேகம் சரி.

பிறகு ஈரோட்டிலிருந்து அந்தக் குடும்பம் வந்தது. பழனிச்சாமியின் பேத்தியைப் பெண் கேட்டிருந்தவர்கள். நிச்சயத்துக்கு முன் அக்கம்பக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு, பழைய ஆள் என்று யாரோ நம் வீட்டைக் காட்டியிருக்கிறார்கள். நான் சமையலறையில் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். பெண் நல்ல பெண் என்றீர்கள். படித்திருக்கிறது என்றீர்கள். பிறகு தணிந்த குரலில் சொன்னீர்கள்.

"ஊட்டு ஆளுக கை மட்டும் அத்தனை சுத்தமில்லீங்க."

காபி ஆறிப்போனது. வந்தவர்கள் குடிக்காமலே எழுந்து போனார்கள். அவர்கள் கார் திரும்புகிற சத்தம் கேட்டதும் நான் கூடத்துக்கு வந்தேன். அலமாரியிலிருந்து அந்த வால்வை எடுத்து உங்கள் முன் வைத்தேன்.

"பழனிச்சாமி எடுக்கலீங்க மாமா. இது காலேஜ் லேப் வால்வு. நம்ம ஊட்டுலயே மாத்தியிருக்காங்க" என்றேன்.

நீங்கள் கோபப்படுவீர்கள், யார் என்று கேட்பீர்கள், நான் என்ன சொல்வது என்று மூன்று வாரமாக யோசித்து வைத்திருந்தேன். நீங்கள் கேட்கவில்லை. இரண்டு மகன்கள் இருக்கிற வீட்டில், எவன் என்று கேட்கவே இல்லை. வால்வைக் கையில் எடுத்தீர்கள். அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, "ஸ்கூட்டர எடு அம்மணி" என்றீர்கள்.

பழனிச்சாமி அவர்கள் தன் கடையில் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு, இப்போது என்ன காணாமல் போய்விட்டது என்று கேட்டார். நீங்கள் நின்றபடியே விஷயத்தைச் சொன்னீர்கள். ஈரோட்டுக்காரர்களுக்கு அங்கேயே, அவர் முன்னாலேயே என் போனில் பேசினீர்கள். முன்பு சொன்னதை நம்ப வேண்டாம், அந்தக் குடும்பத்தின் மேல் ஒரு குறையும் கிடையாது என்று இரண்டு முறை சொன்னீர்கள். அவர் முகம் இளகவில்லை.

"இங்க வந்து சொன்னா எனக்குத்தானுங்க கேக்கும். என்ற பேரு போனது பேக்கரியில. அங்க வந்து சொல்லுங்க" என்றார்.

மறுநாள் காலை மூவரும் அங்கே போனோம். இத்தனை வருஷத்தில் பேக்கரி கண்ணாடியும் ஏசியுமாக மாறியிருந்தது. கவுண்டரில் இருந்தவர் வடக்கே எங்கிருந்தோ வந்தவர், விலை சொல்லும் அளவுக்குத்தான் தமிழ். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கழுத்தில் அடையாள அட்டை தொங்க நின்ற கம்பெனிப் பிள்ளைகள். அன்று கேட்டவர்களில் ஒருவரும் அங்கில்லை, பாதிப் பேர் உயிரோடே இல்லை. நான் உங்கள் கையைப் பிடித்து, வேண்டாம் போய்விடலாம் என்றேன். நீங்கள் கையை விடுவித்துக்கொண்டீர்கள்.

"ஏனுங்க, எல்லாருஞ் சித்த கேளுங்க. இவரு என்ற ரேடியோவுல திருடுனாருன்னு இதே எடத்துல நாஞ் சொன்னேன். இவரு எடுக்கல. நாஞ் சொன்னது பொய்யி."

ஒரு பெண் காதிலிருந்த ஒலிக்கருவியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். மற்றவர்கள் போனிலிருந்து நிமிர்ந்து, மறுபடி குனிந்துகொண்டார்கள். பழனிச்சாமி அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்று டீ சொன்னார். உங்கள் டீயில் சர்க்கரை வேண்டாம் என்பது அவருக்கு நினைவிருந்தது.

நான் அந்த டீயைக் குடித்தேனா என்று நினைவில்லை. உங்கள் கடைசி வார்த்தை என்னைப் பிடித்து நிறுத்தியிருந்தது. தப்பு என்று நீங்கள் சொல்லவில்லை. பொய் என்று சொன்னீர்கள். தெரியாமல் சொன்னதை யாரும் பொய் என்று சொல்ல மாட்டார்கள்.

அதன் பிறகு ரேடியோவை முடித்தேன். ஒழுகிய கண்டென்சர்களை மாற்றினேன். வேறு வால்வு தேடிப் பிடித்துக் கூரியரில் வரவழைத்தேன். நேராக மின்சாரம் கொடுக்காமல் நடுவில் ஒரு பல்பை மாட்டி, உள்ளே ஷார்ட் இல்லை என்று காட்டும்படி அது மங்கலாக எரிவதைப் பார்த்த பிறகே முழுதாகப் போட்டேன். சிற்றலையில் முதலில் காற்று அடிக்கிற மாதிரி ஓசை, அப்புறம் புரியாத மொழியில் ஒரு பெண் செய்தி வாசித்தாள். நீங்கள் காதைப் பக்கத்தில் வைத்து அரை மணி நேரம் கேட்டீர்கள். உங்கள் முகம் அத்தனை தெளிவாக இருந்ததை நான் பார்த்ததில்லை. அந்தத் தைரியத்தில் கேட்டுவிட்டேன். ஸ்டோர்ஸில் இத்தனை வருஷம் இருந்தவர், அந்த வெள்ளை எழுத்தை நீங்கள் அன்றைக்கே பார்க்கவில்லையா என்று.

குமிழைத் திருகிக்கொண்டே இருந்தீர்கள்.

"கண்ணாடி போடாமப் பாத்துப்போட்டேன் அம்மணி" என்றீர்கள்.

அன்று சாயங்காலமே பழைய ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். மில் ஆண்டு விழாவில், மகன்களின் காதுகுத்தில், எல்லாவற்றிலும் கண்ணாடியோடுதான் நிற்கிறீர்கள். கண்ணாடியைக் கழற்றினால் உங்களுக்குச் சுவர்க் கடிகாரமே தெரியாது. சிவப்புப் புள்ளி இல்லாததைக் கண்டுபிடித்த கண், அதற்கு மறுபக்கம் இருந்த எழுத்தைக் காணவில்லை என்றால் நான் எப்படி நம்புவது? மகன் திருடினான் என்று ஆவதைவிட, சிநேகிதன் திருடினான் என்று ஆவது உங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. முதலில் கோபத்தில் சொல்லியிருப்பீர்கள், எழுத்தைப் பிறகுதான் பார்த்திருப்பீர்கள் என்றும் சில சமயம் நினைத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் ஈரோட்டுக்காரர்களிடம் சொன்னது என்ன கணக்கு என்று உடனே தோன்றிவிடுகிறது. இதை உங்களிடம் கேட்டிருக்க வேண்டும். உங்களுக்கு உடம்பு முடியாமல் போனது, நான் கேட்காமலே இருந்துவிட்டேன்.

உங்கள் மகன் இன்னும் ஒன்றை நம்பிக்கொண்டிருக்கிறார். எவன் என்று அப்பா கேட்கவே இல்லையே, பிள்ளைகள் மேல் அவருக்கு அத்தனை நம்பிக்கை என்று உறவுக்காரர்களிடம் சொல்லிப் பெருமைப்படுகிறார். நான் திருத்துவதில்லை.

போன வாரம் பழனிச்சாமி அவர்கள் வந்திருந்தார். பேத்திக்கு ஈரோட்டில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, அதற்கு இனிப்புக் கொடுக்க வந்தவர். உங்கள் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். போகும்போது செருப்பை மாட்டியபடியே என்னிடம் கேட்டார்.

"உங்க மாமனாரு தெரியாமத்தான அன்னைக்கு அப்படிச் சொல்லிப்போட்டாரு? தெரிஞ்சு சொல்ற மனுசனில்ல. இல்லீங்களா அம்மணி?"

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு பதிலை வைத்துத்தான் அவர் உங்களை மன்னித்திருக்கிறார் என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது.

"ஆமாங்க, தெரியாமத்தான்" என்றேன்.

அவர் நிம்மதியாகப் படியிறங்கிப் போனார். அவர் விஷயத்தில் பொய் சொன்னவர் இந்த வீட்டில் நீங்கள் ஒருவர்தான் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன், மாமா.