ரயில்வே கேட்டில் குனிந்த சாரங்கு

நைனா,

இன்றைக்கு லிப்டில் ஒரு நாய்க்குட்டி என் காலை நக்கியது. மூன்றாவது மாடிக்காரர்கள் புதிதாக வாங்கியிருக்கிறார்கள். மழையில் நனைந்த குட்டி. அந்த ஈர நாற்றம் மூக்கில் ஏறியதும் நம் கொருக்குப்பேட்டை வீடு வந்துவிட்டது. "ரொம்ப சமத்து ஆன்ட்டி, கடிக்காது" என்றாள் அதைப் பிடித்திருந்த பெண். கடித்தால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு.

நீ துறைமுகத்தில் வின்ச் ஓட்டிய ஆள். கப்பல் வயிற்றிலிருந்து மூட்டைகளைத் தூக்கி, ஒருத்தன் தலையிலும் இடிக்காமல் கரையில் இறக்கிய கண் உன்னுடையது. சர்க்கரை போயும் போயும் அந்தக் கண்ணைத்தான் தின்றது. இரண்டும் போன பிறகு நீ ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. "எவன் கையும் புடிக்காம கேட்டுக்கு அந்தாண்ட டீக்கடைக்கு நானே போய் வரணும். அவ்ளோதான்." உன் பழைய கூட்டாளிகள் தினமும் காலையில் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் ரயில்வே கேட். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். வீட்டில் மிச்சம் இருந்தது தையல் கம்பெனிக்கு ஓடுகிற நான் ஒருத்தி.

பார்வையில்லாதவர்களை நாய் கூட்டிக்கொண்டு போகும் என்று கண் ஆஸ்பத்திரியில் யாரோ சொன்னார்கள். எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் போட்டுப் போட்டு விசாரித்ததில், போலீஸ் நாய்ப் படையில் ரிட்டயர் ஆன ஒரு மாஸ்டர் கிடைத்தார். லாப்ரடார் குட்டி ஒன்றை அவரே கொண்டுவந்தார். "ஒரு வருஷம் நீ வளத்துக் குடும்மா. அப்புறம் தேறுமான்னு பாக்கறேன்" என்றார். தெருவில் எதையும் தின்னக் கூடாது. கூப்பிட்டவரிடமெல்லாம் ஓடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், கேட் மூடியிருந்தால் திறக்கிற வரைக்கும் நான் அதோடு நிற்க வேண்டும், அரை மணி ஆனாலும். "ஒரு நாள் நீ கம்பிக்கடியில குனிஞ்சி போனா, ஆயுசுக்கும் அது குனியும்" என்றார்.

நீ அதற்கு சாரங்கு என்று பேர் வைத்தாய். "கப்பலாளுங்களுக்கு மேஸ்திரிதான் சாரங்கு, அவன் சொன்னா சொன்னதுதான். இனிமே இவன் இழுக்குற பக்கம்தான் நானு" என்று அதன் காதைத் தடவிச் சிரித்தாய். கண் போன பிறகு நீ சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்பப்பா, என்ன பாடு படுத்தியது! பாய், செருப்பு, உன் கைத்தடி, ஒன்றையும் விடவில்லை. நீ கால் வைக்கிற இடமெல்லாம் மூத்திரம். "இன்னா சாரங்கு, வூட்டுக்குள்ளயே கடலா?" என்பாய். தெரு அதற்கு மேல். மீன்காரம்மா தலை போடுவாள், டீக்கடையில் பொறை போடுவார்கள். போடாதீங்க என்றால், "பச்சப்புள்ள வாயக் கட்றியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" என்று என்னிடமே சண்டைக்கு வருவார்கள். ரயில்வே யார்டில் கூட்ஸ் பெட்டிகள் டமார் என்று மோதினால் கட்டிலுக்கடியில் போய் நடுங்கும். நீயும் தரையில் படுத்து, கையை உள்ளே விட்டு அதைத் தொட்டுக்கொண்டே இருப்பாய்.

சத்தம் பழகிவிட்டது. கேட்தான் பழகவில்லை. இல்லை நைனா, அது பொய். கேட்டைப் பழக்கிக் கெடுத்தவள் நான்தான்.

நம் பக்கம் கேட் மூடினால் யார் நிற்கிறார்கள்? பள்ளிக்கூடப் பிள்ளையிலிருந்து பிள்ளைத்தாய்ச்சி வரைக்கும் குனிந்து போய்க்கொண்டேயிருப்பார்கள். காலையில் கேட்டைத் தாண்டிப் பால் வாங்கப் போகும்போது சாரங்குவையும் கூட்டிப் போவேன். முதல் இரண்டு மாதம் பைத்தியக்காரி மாதிரி நின்றேன். ஒரு நாள் கேட் மூடி எவ்வளவு நேரமாகியும் வண்டி வரவில்லை. கம்பெனிக்கு லேட்டானால் அரை நாள் சம்பளம் போச்சு. பால் பாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்தேன். சாரங்கு தயங்கியது. நான்தான் வாரைப் பிடித்து இழுத்தேன். மறுநாள் இழுக்க வேண்டியிருக்கவில்லை. மூன்றாம் நாளிலிருந்து அதுதான் என்னை இழுத்தது.

வருஷம் முடிந்து மாஸ்டர் வந்தார். வாரை உன் கையில் கொடுத்தார். நீ இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தாய். நாங்கள் இரண்டு பேரும் பின்னால் நடந்தோம். சாரங்கு தெருமுனையில் நின்றது, சைக்கிளுக்கு ஒதுங்கியது, கீழே கிடந்த மீன் தலையைக்கூடத் தாண்டிவிட்டது. தேறிவிட்டது என்றே நினைத்தேன். கேட் மூடியிருந்தது. அது நிற்கவேயில்லை, வாலை ஆட்டிக்கொண்டே குனிந்து நுழைந்தது. கேட் கம்பி உன் நெஞ்சில் இடித்தது. நீ சாரங்குவை நம்பினாய் நைனா, நீயும் குனிந்தாய். மாஸ்டர் உன் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். நீ வாரை விடாததால் சாரங்குவும் உன்னோடு வந்து விழுந்தது. ஹாரன் அடித்துக்கொண்டு கூட்ஸ் போனது.

"இது தேறாது. நாய் மேல தப்பில்ல" என்றார் மாஸ்டர்.

நீ நெஞ்சைத் தடவிக்கொண்டே கேட்டாய், "யாரும்மா இதுக்குக் கத்துக் குடுத்தது?"

"ஊரே குனிஞ்சி போவுது நைனா. அதப் பாத்து கத்துக்கினுகீது" என்றேன். மாஸ்டர் என்னைப் பார்த்தார். வாரை உன் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

சாரங்குவை அவரே கூட்டிப் போய் யார் வீட்டிலோ விட்டார். இன்னொரு குட்டி பார்க்கலாமா என்றால், "வேணாம்மா, நம்ம ராசி அப்டி" என்றாய். அதோடு நீ வாசலைத் தாண்டவில்லை. நாலு வருஷம். கூட்டாளிகள் இரண்டு முறை வந்து பார்த்தார்கள், அப்புறம் அவர்களும் வரவில்லை. நான் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறேன் என்றால் எரிந்து விழுவாய்.

கடைசி வாரம் ஆஸ்பத்திரியில், பக்கத்துக் கட்டில்காரரிடம் பேசிக்கொண்டிருந்தாய். நான் கஞ்சியோடு வந்து நின்றது உனக்குத் தெரியாது. "ஒரு வருஷம்பா. வெயிலு, மழ, எதுவும் பாக்கல. ஊரே குனிஞ்சி போவ சொல்ல, எம் பொண்ணு ஒருத்திதான் எனக்காவ கேட்டாண்ட நின்னா."

கஞ்சியை ஊட்டினேன். "சூடா கீதா நைனா?" என்று மட்டும் கேட்டேன். சொல்லியிருக்கலாம், இன்னும் நாலு நாள் இருந்தது. சொல்லவில்லை. நீ அந்தப் பெருமையோடு போய்விட்டாய். உன்னிடம் வாங்க வேண்டிய திட்டை வாங்காமல் நான் இருக்கிறேன்.