பேசிக்கொண்டே நடக்கும் வேகம்

10.11.2006, வெள்ளி இரவு

தூக்கம் வரவில்லை. நான் கேட்டேவிட்டேன்!

டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னதிலிருந்து அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு இந்த வளைகுடா ஊரின் ரோலா பார்க்கைச் சுற்றி ஓட்டமும் நடையுமாகப் போவாள். வியர்த்தால் கொழுப்பு கரையும் என்று அவளுக்கு நம்பிக்கை. இன்று பக்கத்து ஃப்ளாட் நர்ஸ் ஸ்டெல்லா அக்காவும் வந்தாள். அம்மாவுக்கு மூச்சு வாங்கியதைப் பார்த்துச் சிரித்தாள்.

"இந்த ஊர்ல சும்மா நின்னாலே வேர்க்கும் ஆண்டி. பேச முடியுற வேகத்துல நடங்க. அப்போ எரியுறதுல பெரும்பங்கு கொழுப்புதான். மூச்சு முட்ட ஓடினா ரத்தத்துல இருக்குற சீனி முந்திக்கிட்டு எரியும். மொத்தமா எரியுறது ஓட்டத்துலதான் கூட. ஆனா நீங்க எவ்வளவு நேரம் ஓடுவீங்க?"

"இவ வாயே தொறக்க மாட்டா. யார்கிட்ட பேசிட்டு நடக்க?" என்றாள் அம்மா.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எட்டாவதோடு பள்ளியை நிறுத்திய நாளிலிருந்து தொண்டையில் கிடந்ததை, மெதுவாக நடந்த அடுத்த சுற்றில் சொல்லிவிட்டேன்.

"அம்மா, நான் பத்தாவது பிரைவேட்டா எழுதட்டா?"

அம்மா நிற்கவில்லை. மூச்சும் வாங்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல நினைத்திருந்தால், அதற்கு வேண்டிய மூச்சு அவளிடம் இருந்தது.

"என்னென்ன பாடம்னு நாளைக்கு நடக்கயில சொல்லு மக்களே" என்றாள் செல்லமாக.

கணக்கைப் பற்றிச் சொல்லவே ஒரு சுற்று வேண்டும்.