முதுகில் காயமில்லை

அக்கா கூப்பிட்டால் மூன்றாம் தரம்தான் திரும்பிப் பார்க்கும் என் தயாவுக்கு,

இந்தத் தடவை முதல் கூப்பிடலிலேயே கேள்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று தெரிந்தால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். கிழக்கு லண்டனில் ஒரு பட்டறையில் தையல். உரோமத்தோடு பதனிட்ட மிருகத் தோல்தான் தைக்கிறேன். குளிர்ச்சட்டைத் தொப்பியின் விளிம்பில் புசுபுசுவென்று உரோமம் வைப்பதுதான் இப்போது இங்கே பாஷன். அதற்காகக் கனடாவிலிருந்து கொயோட்டி என்ற மிருகத்தின் தோல் கட்டுக்கட்டாக வரும். நம் ஊர் நரிக்குப் பெரியண்ணன் என்று வைத்துக்கொள். துப்பாக்கி ரவை துளைத்த இடத்தைத் தடவிக் கண்டுபிடித்து, நனைத்து, ஓரம் வெட்டி, தையல் தெரியாமல் மூட வேண்டும்.

வேலையால் வந்ததும் தலை முழுகாமல் சாமி விளக்குப் பக்கம் போக அம்மா விடமாட்டார். ஓம், அம்மா என்னோடுதான் இங்கே பிளேஸ்டோவில் இருக்கிறார். ஊரில் சண்டை நின்று, சமாதானம் என்று பாதை திறந்த காலத்தில் கூப்பிட்டு எடுத்தேன். ஊரில் மறுபடியும் சண்டை தொடங்கிவிட்டது, அது உனக்குத் தெரியாமலே இருக்கட்டும்.

போன கிழமை வந்த தோல்கட்டில் பாதி கிழிசல். ஒரு பக்கம் சின்னத் துளை, மற்றப் பக்கம் என் கை நுழையும். எங்கள் முதலாளி சைப்பிரஸ்காரர், கோபம் வந்தால் கத்தரிக்கோலை மேசையில் அடிப்பார். அன்று தோல் அனுப்பிய கனடாக்காரரே நேரில் வந்திருந்தார். இவர் அவரைப் பிடித்துக்கொண்டார்.

கனடாக்காரர் தானும் வேட்டைக்காரர்தானாம். பதறவேயில்லை. நாங்கள் அளவு வெட்டுகிற காகிதம் ஒன்றை இழுத்துப் பென்சிலால் படம் கீறினார். இது யாரோ மான் சுடுகிற ரவையால் சுட்டது என்றார். பாரமான ரவை ஊடுருவிப் போய், வெளியே வரும்போது தோலையும் பிய்த்துக்கொண்டு வருமாம். தோல் வேண்டுமென்றால் பாரம் குறைந்த, வேகம் கூடிய, மேலுறை மெல்லிய ரவையாகப் பார்த்து எடுக்க வேண்டும். தோள் எலும்பில் படாமல் நெஞ்சுக்கூட்டுக்குள் விட்டால் அது அங்கேயே பொடிப்பொடியாக உடைந்துவிடும். மறுபக்கம் வராது.

“உள்ளே எல்லாம் கூழ். வெளியே பயறளவு ஓட்டை. மற்றப் பக்கம் புத்தம்புதிது.” ஆங்கிலத்தில் இப்படித்தான் சொன்னார். முதலாளி மகிழ்ந்துபோய்த் தலையாட்டினார்.

என் கையிலிருந்த ஊசி எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை, தயா.

நீ போன நாளில் நான் லண்டனில். பேக்கரிக்குப் பாண் வாங்கப் போன உன்னைச் சந்தியில் சுட்டது யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அம்மா தொலைபேசியில் சொன்னது மட்டும் அப்படியே காதில் இருக்கிறது. “சின்ன ஓட்டைதான் பிள்ளை. முதுகிலை ஒண்டுமேயில்லை. நித்திரை கொள்ளுற மாதிரித்தான் கிடந்தவன்.”

இத்தனை வருடமும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் சாப்பிட்டேன், தூங்கினேன். துக்கம் விசாரித்தவர்களுக்கெல்லாம் நானே ஆறுதல் சொன்னேன், தம்பிக்கு நொந்திருக்காது என்று. சின்னக் காயமென்றால் சின்ன நோவு. வேறு எப்படி நினைப்போம்?

“அதற்கு நோகுமா?” என்று அந்த மனிதரைக் கேட்டேன். நின்ற இடத்திலேயே விழும், அதற்குத் தெரியவே வராது என்றார். சரக்கை விற்கிறவர் வேறு என்ன சொல்லுவார்? உனக்குத் தெரிய வந்ததா, தயா?

ரெயிலில் வரும்போது எனக்கு ஒரே பயம் அம்மாவைப் பற்றித்தான். அந்தச் சின்ன ஓட்டையை நம்பித்தானே அவர் உயிரோடு இருக்கிறார்! செத்தாலும் சொல்லக்கூடாது என்று முடிவெடுத்தேன். கதவைத் திறந்ததுமே, “என்ன பிள்ளை, பேயைக் கண்டவள் மாதிரி நிக்கிறாய்?” என்றார். தலையிடி என்றேன். அடுத்த நாளும் வேலைக்குப் போகவில்லை. சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை அம்மா கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துவிட்டது.

“அம்மா, தயாவின்ரை முதுகிலை உண்மையா ஒண்டுமில்லையோ?”

அம்மா கத்தியை வைத்தார்.

“ஆர் உனக்குச் சொன்னது?”

ஏன் அப்படிக் கேட்கிறாய் என்று அவர் கேட்கவேயில்லை, பார்த்தாயா!

“முதுகிலை ஒண்டுமில்லைத்தான், நான் பொய் சொல்லேல்லை,” என்றார். “ஆனா நெஞ்சிலை கை வைச்சுப் பாத்தனான். உள்ளுக்கை ஒண்டும் இருந்த இடத்திலை இல்லை, பிள்ளை.”

“ஏனம்மா இவ்வளவு காலமும் சொல்லேல்லை?”

“நீ இஞ்சை தனிய இருந்தனீ. வேறை என்னத்தை நான் சொல்ல?”

நான் அம்மாவுக்குக் காவல் நிற்பதாக நினைத்துக்கொண்டிருந்தேனே, எவ்வளவு பெரிய மடைச்சி! கோபம் வந்தது, அழுகை வந்தது, எதை முதலில் விடுவதென்று தெரியவில்லை. கடைசியில் அவருக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு, “எல்லாத்தையும் சொல்லுங்கோ,” என்றேன். உன்னைச் சந்தியிலிருந்து யார் தூக்கி வந்தார்கள் என்று தொடங்கினார். கொஞ்சம் போனதும், “இண்டைக்கு இவ்வளவு காணும், நீ தாங்கமாட்டாய்,” என்று நிறுத்தினார்.

நேற்று மிச்சத்தில் கொஞ்சம் சொன்னார். இன்னும் இருக்கிறது.

தயா, உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அம்மா சொல்லி முடிக்கும்வரை எழும்பிப் போகமாட்டேன், நான் அழுது அவர் வாயை மூடவும் மாட்டேன். அவர் உன்னைத் தனியே தூக்கிக்கொண்டு நின்றது போதும்.

பிந்தியென்றாலும் உன்னிடம் வந்துசேர்ந்த,
உன் அக்கா