கடல் தெரியும் அறை

இன்று காலை மருமகள் பால்கனியில் உலர்த்திய வெள்ளை விரிப்புகளிலிருந்து பிளீச்சிங் பவுடர் நெடி வந்தது. டிசம்பர் சீசனில் விரிப்புகள் காயும் உன் மொட்டைமாடி முழுக்க அந்த நெடிதான் இருக்கும். உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தவன், உடனே உட்கார்ந்துவிட்டேன். சரியாகச் சொல்வேனா என்பது சந்தேகம்தான்.

மாமல்லபுரத்து மீனவர் தெருவில் மற்றவர்கள் செய்ததைத்தான் நீயும் செய்தாய். படகை மகனிடம் விட்டுவிட்டு, வீட்டின் மேல் வெள்ளைக்காரர்களுக்கு அறைகள் கட்டினாய். சீசன் வந்தால் கடல் தெரியும் உன் சொந்த அறையையும் வாடகைக்கு விட்டு, குடும்பத்தோடு பின்பக்கத் தகரக் கொட்டகைக்குப் போய்விடுவாய். கூட்டம் குறைந்தபிறகுதான் மறுபடி மேலே ஏறுவாய்.

நான் செங்கல்பட்டுக் கல்லூரியில் சரித்திரம் நடத்தியவன். மாணவர்களுக்கு ரதங்களைக் காட்ட வரும்போதெல்லாம் உன் வீட்டில்தான் சாப்பாடு. ஒருமுறை, இது பல்லவர் காலத்துத் துறைமுகம், தூரதேசத்துக் கப்பல்கள் வந்துபோன ஊர் என்று விளக்கினேன். மீன்முள்ளை எடுத்தபடியே சிரித்தாய்.

"அப்பவே வந்தவனுக்குத்தான் ஊரா, வாத்தியாரே? அப்போ நான் இன்னா புதுசா பண்ணிட்டேன்?"

குழம்புக்காகத் தட்டை நீட்டினேன்.

சென்ற டிசம்பரில் வந்தபோது, ஆஸ்பத்திரியில் கைவிரித்து அனுப்பிவிட்ட உன்னைக் கொட்டகையில்தான் கிடத்தியிருந்தார்கள்.

"மேல போய் ஒரு வாட்டி கடல பாக்கணும்னு பொலம்பினு கீறாரு," என்றார் உன் மனைவி. "ரூம்ல ஆளு கீது. எப்டிண்ணா கேக்கறது?"

"நான் கேட்கிறேன்" என்று சொன்னது நான்தானா என்று இன்றும் வியக்கிறேன். படியில் நின்று ஆங்கில வாக்கியத்தை மனத்துக்குள் திருத்தித் திருத்திப் பார்த்தேன். கதவைத் திறந்த வெள்ளைக்காரப் பெண், நான் சொல்லி முடிப்பதற்குள் பெட்டியைக் கட்டத் தொடங்கிவிட்டாள்.

இறங்கி வந்து சொன்னதும் உனக்கு வந்த கோபம்!

"வந்தவங்கள சீசன் டைம்ல காலி பண்ண சொல்லுவியா? படிச்சவன்தானே நீ? ஓடு, சாரி சொல்லினு வா."

"உனக்காகத்தான்..."

"எனக்கு இன்னா அவசரம்? வூடு எங்க போவுது? சீசன் முடியட்டும், ஏறிக்கிறேன்."

மறுபடி படியேறி மன்னிப்புக் கேட்டேன். பாதி கட்டிய பெட்டியோடு அவள் விழித்துக்கொண்டு நின்றாள்.

சீசன் முடியும்வரை நீ இருக்கமாட்டாய் என்று உன் மனைவிக்குத் தெரியும், எனக்கும் தெரியும். உனக்குத் தெரியாதா என்பதைத்தான் இத்தனை நாளாக யோசிக்கிறேன்.

அன்று சாயங்காலம், கண்ணை மூடியபடி, "கடலு சத்தம் கேக்குது இல்ல, வாத்தியாரே?" என்றாய். அங்கே கேட்டதெல்லாம் பக்கத்து ஓட்டலின் ஜெனரேட்டர்தான்.

"கேக்குது" என்றேன்.

உன் முகம் தெளிந்தது. விடிவதற்குள் போய்விட்டாய்.

இங்கே கூடுவாஞ்சேரியில் அடிக்கடி கரண்ட் போகிறது. கீழே ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் வீட்டில் எல்லாரும் மின்விசிறியை நிமிர்ந்து பார்க்கிறார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு, யாருக்கும் கேட்காமல், "கேக்குது" என்கிறேன்.