திரைக்குக் கீழே ஓடும் வரிகள்

கார் நிக்கோபார்
3 ஆகஸ்ட் 2025

அன்பு வைஜிக்கு,

இங்கே மழையும் நானும் நலம். அங்கே நீயும் நம் டெலானிபூர் குவார்ட்டர்ஸின் ஒழுகாத பாதிக் கூரையும் நலமாக இருக்க வேண்டும்.

போனில் பேசினால் இரண்டாவது நிமிடத்தில் நான் கத்துகிறேன், ஆகவே சொல்ல வேண்டியதை எழுதி அனுப்புங்கள் என்று நீதான் உத்தரவு போட்டாய். ஆபீஸ் கடிதம் தவிர வேறெதுவும் எழுதிப் பழக்கமில்லாதவன் நான். 'மேற்படி பொருள் தொடர்பாக' என்று ஆரம்பிக்காமல் இருந்ததே பெரிய விஷயம். நாளைய கப்பலில் லீவில் வரும் நர்ஸ் சுதா கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஒரு பென் டிரைவும் வரும்.

அதில் தாய்லாந்து தொடர் ஒன்று இருக்கிறது. பெயர் 'உப்பங்காற்று வீடு'. துறைமுகத்தில் நூடுல்ஸ் கடை வைத்திருக்கிற மாலி, மீன்பிடிக் கப்பலில் போய்ப் பல வருஷம் கழித்துத் திரும்பி வருகிற புருஷன் கிரித். அவனை வீட்டுக்குள் விடுவதா வேண்டாமா என்பதுதான் கதை. நம் ஆபீஸ் பிரவின் எங்கிருந்தோ இறக்கிக் கொடுக்கிறான், பைசா செலவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை முருகானந்தம் அண்ணன் வீட்டுப் பெரிய டிவியில் போடுகிறோம். இங்கத்துக் குவார்ட்டர்ஸே அங்கேதான் இருக்கிறது.

திரைக்குக் கீழே தமிழில் வரி ஓடுகிறது, வைஜி. அதை எழுதியவன் சாதாரண ஆள் இல்லை. ஆங்கில வரியில் மாலி 'எப்படி இருக்கிறாய்' என்று கேட்கிறாள். தமிழில் 'சாப்ட்டியா' என்று கேட்கிறாள். தாய்லாந்திலும் பார்த்தவுடன் அப்படித்தான் கேட்பார்களாம். அந்த இடத்தில் முருகானந்தம் அண்ணன் எழுந்து வெளியே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தார்.

ஆனால் பயல் டீ, பஸ், டைம் என்றெல்லாம் எழுதிவிடுகிறான். செந்தமிழன் என்று பேர் வைத்துக்கொண்டு அதை நான் சும்மா விட முடியுமா? வரிகள் தனி ஃபைலாகத்தான் வருகின்றன. ஒவ்வொரு பாகத்தையும் போடுவதற்கு முன்னால் உட்கார்ந்து திருத்திவிடுகிறேன். 'டீ போடட்டுமா' என்பது இப்போது 'தேநீர் தயாரிக்கட்டுமா'. கடைசியில் வரும் சில வரிகள் எப்படியும் திருட்டு சைட்காரனின் விளம்பரமாகத்தான் இருக்கும், படிக்காமலே அழித்துவிடுவேன். என்ன ஒன்று, படித்து முடிப்பதற்குள் வரி ஓடிவிடுகிறது என்று எல்லாரும் குறைப்படுகிறார்கள். ஏனென்று தெரியவில்லை.

இனி முக்கியமானது. டெலானிபூர் வீட்டை வைத்துக்கொள்கிறோமா, ஒப்படைக்கிறோமா என்று செப்டம்பர் கடைசிக்குள் ஆபீஸில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒப்படைத்துவிட்டு நீ இங்கே வந்துவிடு. அந்த டைப்பிங் வேலையை விட்டுவிடு. என் சம்பளம் போதும். இங்கே மாற்றலாகி வந்ததிலிருந்து இரண்டு வருஷமாக நானே சமைத்து நானே சாப்பிடுகிறேன். எனக்குத் தனியாக இருக்கப் பிடிக்கவில்லை.

உன்,
செந்தமிழன்


டெலானிபூர்
10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதமும் பென் டிரைவும் சுதா அக்கா கொண்டுவந்து கொடுத்தார். கூடவே நீங்கள் இளைத்துவிட்டதாகவும் சொன்னார். நம்பவில்லை.

உங்களுக்குத் தனியாக இருக்கப் பிடிக்கவில்லை என்று எழுதியிருந்ததை நாலைந்து தடவை படித்தேன். எனக்கும் பிடிக்கவில்லை. ராத்திரி மழை பெய்தால் பக்கெட் வைக்கும் இடம் எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கிறது என்பதே கஷ்டமாக இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய தொடரைப் பார்த்தேன். ஒரு பாகம்தான் பார்க்க முடிந்தது, பிறகு மூடிவிட்டேன். 'தேநீர் தயாரிக்கட்டுமா' என்று நூடுல்ஸ் கடைக்காரி கேட்பாளா? நீங்கள் என்றைக்காவது என்னிடம் தேநீர் கேட்டதுண்டா? 'வைஜி, டீ' என்று வாசலில் இருந்தே குரல் கொடுப்பீர்கள், அவ்வளவுதான். அவள் அந்த வாக்கியத்தைச் சொல்லும் நேரம் ஒன்றரை விநாடி. அதற்குள் படிக்கிற அளவில் எழுத வேண்டும். நீங்கள் நீட்டினால் ஓடத்தான் செய்யும்.

எழுதினவன், பயல் என்கிறீர்களே, அது ஆண்பிள்ளைதான் என்று உங்களுக்கு யார் சொன்னது?

இன்னொன்று. அந்தத் தொடரைக் காசு கட்டியே பார்க்கலாம். மாதச் சந்தா நீங்கள் வெற்றிலைக்குச் செலவழிப்பதில் பாதிகூட வராது. மாலியாக நடிக்கிற பெண், கேமரா பிடிக்கிறவர், கீழே வரி எழுதுகிறவர் எல்லாருக்கும் வயிறு இருக்கிறது. கான்ட்ராக்டரின் பில்லை உங்கள் ஆபீஸில் நிறுத்திவைத்தால் அவர் எத்தனை நாள் தூங்காமல் இருப்பார் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

வீட்டை ஒப்படைப்பது பற்றி இப்போது பதில் சொல்ல மாட்டேன். எட்டு மாதமாக நான் வேலை செய்கிறேன். நான் டைப்பிங் என்று சொன்னேன், நீங்கள் 'நல்லது, பொழுது போகும்' என்றீர்கள். அதற்குப் பிறகு ஒருநாளும் என்ன டைப் செய்கிறாய் என்று கேட்டதில்லை. வெளியாகும் முன் வெளியே சொல்லக்கூடாது என்று கம்பெனியில் கையெழுத்து வாங்கியிருந்தது உண்மை. ஆனால் நீங்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

சாப்பாட்டில் உப்பைக் குறையுங்கள்.

வைஜெயந்தி


கார் நிக்கோபார்
24 ஆகஸ்ட் 2025

அன்பு வைஜிக்கு,

இந்த முறை உன் கடிதத்தில் காரம் தூக்கல். சாப்பாட்டில் உப்பைக் குறைத்துவிட்டேன், நீயும் மிளகாயைக் குறை.

காசு கட்டச் சொல்கிறாய். அரே, கடலில் கிடக்கிற மீனுக்கு யாராவது சந்தா கட்டுவார்களா? பிரவின் இறக்கினாலும் இறக்காவிட்டாலும் அது அங்கேதான் கிடக்கிறது. பெரிய கம்பெனிக்காரனுக்கு நம் குவார்ட்டர்ஸ் பணம் வந்துதானா அடுப்பு எரியப் போகிறது? டேட்டா என்ட்ரி வேலையில் இதையெல்லாம் யோசிக்க உனக்கு நேரம் இருக்கிறதே.

அதைவிட இங்கே பெரிய கலவரம். பதிமூன்றாவது பாகத்தில் தமிழே வரவில்லை. ஆங்கிலம் மட்டும்தான். நானே நிறுத்தி நிறுத்தி மொழிபெயர்த்துச் சொன்னேன். கிரித் வாசலில் நின்று அழுகிறான், நான் 'அவர் மன்னிப்புக் கோருகிறார்' என்கிறேன். 'பஸ் கரோ பையா, போதும் அண்ணா, நீங்க பேசாம இருந்தாலே புரியுது' என்றார் லீவு முடிந்து வந்த சுதா. எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள். தமிழில் எழுதுகிறவனை நிறுத்திவிட்டார்கள் என்று பிரவின் சொல்கிறான். காசு கட்டித் தமிழில் பார்க்கிறவர்கள் ரொம்பக் குறைவாம். யாரோ பாவம், நல்ல கை. எனக்கே வருத்தமாக இருந்தது.

வீட்டு விஷயத்துக்கு நீ பதில் எழுதவில்லை. டைப்பிங் வேலை இங்கேயும் கிடைக்கும், நான் சொல்லிவைக்கிறேன். ஒப்படைக்கிறோம் என்றே எழுதிக் கொடுத்துவிடட்டுமா?

உன்,
செந்தமிழன்


டெலானிபூர்
30 ஆகஸ்ட் 2025

மாமாவுக்கு,

கையில் இருக்கும் பழைய பாகங்களில் ஏதாவது ஒன்றை எடுங்கள். நீங்கள் திருத்தியது வேண்டாம், பிரவின் கொடுத்த அசல் ஃபைலை எடுங்கள். படிக்காமல் அழிப்பீர்களே, அந்தக் கடைசி வரிகள். அதைப் படியுங்கள். விளம்பரம் இல்லை அது. 'தமிழ் வரிகள்: வைஜெயந்தி செந்தமிழன்' என்று இருக்கும்.

மாலியை 'சாப்ட்டியா' என்று கேட்க வைத்தது நான். அந்த ஒரு சொல்லுக்காகச் சென்னையில் இருக்கிற எங்கள் மேற்பார்வையாளர் ரூபாவோடு அரை நாள் சண்டை போட்டேன். ஆங்கிலத்தில் இருப்பதை அப்படியே எழுதினால் போதும் என்றார். அவள் வாயைப் பாருங்கள், சோற்றைப் பற்றித்தான் கேட்கிறாள் என்றேன். கடைசியில் விட்டுக்கொடுத்தார். அன்றைக்கு உங்களிடம் சொல்ல வேண்டும் என்று எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? போன் செய்தேன். கேஸ் சிலிண்டர் வந்ததா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டீர்கள்.

பன்னிரண்டு பாகம் எழுதினேன். ஒவ்வொன்றின் முடிவிலும் உங்கள் பெயரோடு சேர்த்துத்தான் என் பெயரைப் போட்டேன். பன்னிரண்டு தடவையும் நீங்களே உட்கார்ந்து அழித்திருக்கிறீர்கள்.

நீங்கள் வருத்தப்பட்ட அந்த 'யாரோ பாவம்' நான்தான். தமிழை நிறுத்திவைத்திருப்பதாக மெயில் வந்திருக்கிறது. மீதி நான்கு பாகம் என் கைக்கு வருமா என்று தெரியாது. முருகானந்தம் அண்ணன் வீட்டில் கூடுகிறவர்கள் தமிழில்தான் பார்க்கிறார்கள், ஆனால் கணக்கில் ஒருவரும் இல்லை. கடலில் கிடக்கிற மீன் என்றீர்கள். வலை இழுத்தவள் உங்கள் வீட்டில்தான் இருக்கிறாள்.

எனக்குக் கோபமாக இருக்கிறது. மறைத்து எழுத விருப்பமில்லை. இது எனக்குப் பொழுதுபோக்கு இல்லை. இதைச் செய்யும்போதுதான் நான் நானாக இருக்கிறேன். இதை விட்டுவிட்டு வா என்றால் வர மாட்டேன். ஒப்படைக்கிறோம் என்று எழுதிக் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால், நான் மெயின்லேண்டில் அம்மா வீட்டுக்குப் போவேன், அங்கே வருவதற்கில்லை.

வைஜெயந்தி


டெலானிபூர்
11 செப்டம்பர் 2025

மாமாவுக்கு,

நேற்று வந்த கப்பலில் உங்கள் கடிதம் இல்லை. தெரிந்தவர்கள் எல்லாரிடமும் கேட்டுவிட்டேன். கடல் கொந்தளிப்பு என்று இதற்கு முந்தைய கப்பலே போகவில்லை என்றார்கள். என் கடிதம் உங்களுக்குத் தாமதமாகக் கிடைத்ததா, கிடைத்தும் எழுதவில்லையா என்று தெரியவில்லை.

போன் செய்யலாம்தான். கையில் எடுத்துவிட்டு வைத்துவிடுகிறேன். நீங்கள் கத்தினால்கூடத் தாங்கிக்கொள்வேன், 'சரி, உன் இஷ்டம்' என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது.

அம்மா வீட்டுக்குப் போவேன் என்று எழுதியது கோபத்தில். மற்றது எதுவும் கோபத்தில் எழுதியதில்லை.

வைஜி


கார் நிக்கோபார்
17 செப்டம்பர் 2025

என் வைஜிக்கு,

உன் இரண்டு கடிதமும் ஒரே நாளில் கைக்கு வந்தன. முதலில் பிரித்தது இரண்டாவதை. எதற்கு இந்தப் பயம் என்று புரியவில்லை. பிறகு முதலாவதைப் படித்தேன்.

அசல் ஃபைலைத் திறந்தேன். கடைசிக்குப் போனேன். உன் பெயர் இருந்தது, அதன் பக்கத்தில் என் பெயர். அடுத்த பாகத்திலும் இருந்தது. எல்லாவற்றிலும் இருந்தது. பிரவின் எதிரே நிற்கிறான், எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

அன்றைக்கே சந்தா கட்டினேன். முதல் பாகத்திலிருந்து எல்லாவற்றையும் உன் வரிகளோடு திரும்பப் பார்த்தேன். நான் திருத்திய இடங்களில் ஒன்றுகூட உருப்படி இல்லை. டீ என்றால் டீதான். நீ எழுதியதைப் படித்தால் மாலி பேசுவது போலவே இருக்கிறது. சில இடத்தில் நீ என்னைத் திட்டுவது போலவும் இருக்கிறது, அதை அப்புறம் விசாரித்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்ததும் சொன்னேன். எழுதியது என் வீட்டுக்காரி, பேரை அழித்தது நான் என்று இரண்டையும் சொன்னேன். 'க்யா பையா, சொந்த பீவி பேரையா அழிச்சீங்க?' என்று சுதா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அன்னம்மாள் அக்கா ஓடிவந்துவிட்டார். முருகானந்தம் அண்ணன் போனை எடுத்து என்னிடம் நீட்டி, 'எனக்கும் கட்டிக் குடுடா' என்றார். அங்கே இருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் கட்டிக் கொடுத்தோம். மொழி என்று கேட்கும் இடத்தில் தமிழை அமுக்கியது நான்தான். பிரவின் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். சரியாகிவிடுவான்.

இதெல்லாம் போதாது என்று எனக்குத் தெரியும், வைஜி. நீ எட்டு மாதம் காத்திருந்தது சந்தாவுக்கு இல்லை. நான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். இன்றைக்கு என்ன எழுதினாய்? எந்த இடத்தில் கஷ்டமாக இருந்தது? ரூபாவோடு வேறு எதற்கெல்லாம் சண்டை போட்டாய்? எல்லாவற்றையும் எழுது. போனிலும் சொல். நான் கத்த மாட்டேன். கத்தினால் வைத்துவிடு.

டெலானிபூர் வீட்டை வைத்துக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நீ அங்கேயே இருந்தாலும் சரி. லீவு கிடைக்கும்போதெல்லாம் நான் வருவேன்.

வர விருப்பம் இருந்தால், வேலையோடு வா. இங்கே பின்பக்க அறையைக் காலி செய்திருக்கிறேன். நெட் இழுத்தாகிவிட்டது. ஜன்னலுக்குப் பக்கத்தில் மேஜை, மழைச் சத்தம் கேட்காமல் இருக்கக் கூரைக்கடியில் தெர்மாகோல். கதவுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கம் போட்டிருக்கிறேன். நீ திறந்தால்தான் நான் வர முடியும்.

உன்,
செந்தமிழன்


டெலானிபூர்
22 செப்டம்பர் 2025

என் மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். தாழ்ப்பாள் வரைக்கும் வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். ரொம்ப நேரம் அழுதேன். துக்கம் எதுவும் இல்லை. நெஞ்சில் இருந்த கல்லை யாரோ தூக்கி வெளியே வைத்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். பிறகு நன்றாகப் பசித்தது. இரண்டு வாரத்தில் அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

போன வாரத் தொடக்கத்தில் ரூபா அழைத்தார். மீதிப் பாகங்களுக்கும் தமிழ் உண்டாம், விட்டுப்போன பதிமூன்றாவதற்கும் சேர்த்து. உங்கள் குவார்ட்டர்ஸ் கட்டிய சந்தாவால்தான் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், மேலே யாரோ வேறு காரணத்துக்காக முடிவு செய்திருப்பார்கள். ஆனால் முருகானந்தம் அண்ணன் அப்படி நினைத்துக்கொண்டால் மறுக்க வேண்டாம்.

என்ன எழுதினாய் என்று கேட்டிருக்கிறீர்கள். பதினைந்தாவது பாகத்தில் மாலி நாலு நிமிடம் பேசாமலே இருக்கிறாள். எழுத ஒன்றும் இல்லை. அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றவற்றை நேரில் சொல்கிறேன், கடிதத்தில் அடங்காது.

தீவுக்குள் வர எடுக்க வேண்டிய அனுமதிப் பாஸுக்கு என் போட்டோ இதனுடன் இருக்கிறது. முன்னே எடுத்ததுதான், இப்போது கொஞ்சம் குண்டு. அடுத்த மாத முதல் கப்பலில் கம்ப்யூட்டரோடு வருகிறேன். மூன்று மாதம் அங்கே, ஒரு மாதம் இங்கே என்று பார்க்கலாம். கப்பல் ஜெட்டிக்கு வாருங்கள். பெட்டியை நீங்கள் தூக்குங்கள், கம்ப்யூட்டரை நான் பிடித்துக்கொள்கிறேன்.

கடைசிப் பாகத்தை நேற்று எழுதி அனுப்பிவிட்டேன். மாலி கதவைத் திறந்தாளா என்று மட்டும் என்னிடம் கேட்கக் கூடாது. வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். காசு கட்டியவர்கள் எல்லாரும் காத்திருக்கிறார்கள். புருஷனும் காத்திருக்கட்டும்.

உங்கள்,
வைஜெயந்தி செந்தமிழன்