மாமாவின் சம்பளம்

ஆயர் குரோ
9.6.2024

அன்புள்ள தம்பி கோகுலுக்கு,

அக்கா எழுதுவது. போனில் பேசினால் நான் அழுவேன், நீ கத்துவாய்; அதனால்தான் கடிதம். உன் மாமாவுக்கு இடுப்பு வலி குறையவில்லை. போன மாதம் தஞ்சோங் கிளிங்கில் ஒரு கல்யாணத்துக்குக் கூடாரம் கட்டும்போது விழுந்தவர், இனி ஏணி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வேலையில் அடிபட்டவர்களுக்குச் சொக்சோ பணம் தரும் என்றார்கள். இவரையும் கூட்டிக்கொண்டு அந்த ஆபீஸுக்குப் போய்க் கேட்டேன். முதலாளி இவர் பெயரைப் பதியவே இல்லை என்கிறார்கள். உன் கூடாரக் கடையில் வேலை செய்யும் பையன்கள் எல்லாருக்கும் மாதாமாதம் சொக்சோ பணம் கட்டுகிறாய். என் புருஷனுக்கு மட்டும் ஏன் கட்டவில்லை?

அக்கா விஜயராணி

தெங்கேரா
13.6.2024

அன்புள்ள அக்கா,

மாமாவை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அந்தப் பையன்களோடு வரிசையில் அவர் பெயரை எப்படி எழுதுவேன்? அப்பா இறந்தபோது முன்னால் நின்று எல்லாக் காரியமும் பார்த்தவர். ஃபேக்டரியில் அவருக்கு வேலை போனபோது, "கூட வந்து நில்லுங்க மாமா" என்றுதான் கூப்பிட்டேன். வேலைக்கு வாங்க என்று சொல்ல வாய் வரவில்லை. சம்பளத்தைக்கூட அவரிடம் நீட்டியதில்லை. வெற்றிலை பாக்கோடு, சீர் மாதிரி, உன் கையில்தானே கொடுத்தேன்?

இப்போது போய் வேலையாள் என்று சொன்னால் என்மேல் கேஸ் வருமாம். அந்தப் பயமும் இருக்கிறது, மறைக்கவில்லை. நீ ஆபீஸ் ஆபீஸாக அலையாதே. கடைசிவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி கோகுலராஜ்

ஆயர் குரோ
18.6.2024

தம்பிக்கு,

நீ பார்த்துக்கொள்வாய், தெரியும். உன் வியாபாரம் நடக்கிற வரைக்கும், உன் மனைவி ஜெயா முகம் சுளிக்காத வரைக்கும். ஜெயா நல்லவள்தான், கோபப்படாதே. ஆனால் தம்பி வீட்டுச் சோறு எத்தனை நாளைக்கு இனிக்கும்?

பெயரைப் பதியாதது முதலாளியின் குற்றம், சம்பளத்துக்கு வேலை செய்தவர் என்று காட்டினால் இவர் பணம் கேட்கலாம் என்று சொக்சோ ஆபீஸ் அதிகாரி அம்மா சொன்னார். எதைக் காட்டுவது? வெற்றிலை பாக்கையா? "அவரு உங்க தம்பிக்கு ஒத்தாசைக்குப் போனாரா, வேலைக்குப் போனாரா?" என்று கேட்டார். உன் மாமா தலை குனிந்துகொண்டார்.

வெயிலிலும் மழையிலும் இரும்புக் கம்பி தூக்கினாரே, அது ஒத்தாசையா? நீயே சொல்.

விஜயராணி

தெங்கேரா
25.6.2024

அன்புள்ள அக்கா,

இன்று காலை கடையை மூடிவிட்டுப் பையன்களையும் கூட்டிக்கொண்டு சொக்சோவுக்குப் போனேன். "நிவேந்திரன் என்கிட்ட சம்பளத்துக்கு வேலை செஞ்ச ஆளு. பேரு பதியாதது என் தப்பு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். பையன்களும் சாட்சி சொன்னார்கள். மாமாவின் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. நாக்குக் குழறிவிட்டது.

எனக்கு அபராதம் வரலாமாம். வரட்டும் லா. இனி மாமா முகத்தில் எப்படி விழிப்பேன் என்றுதான் தெரியவில்லை.

கோகுல்

ஆயர் குரோ
30.6.2024

என் அன்புத் தம்பி கோகுலுக்கு,

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். 'சம்பளத்துக்கு வேலை செஞ்ச ஆளு' என்ற இடம் வந்ததும் நிறுத்தி, இன்னொரு தடவை படி என்றார். கோபம் வந்துவிட்டதோ என்று நினைத்தேன். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "மச்சான் தயவுல சாப்பிடுறேன்னுதான் இத்தன நாளா ஊருல பேச்சு. இப்பத்தான் லா நிம்மதியா இருக்கு." சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அழுதார் போல.

சொக்சோவிலிருந்து விசாரணைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை ஜெயாவோடு சாப்பிட வா, மீன் குழம்பு வைக்கிறேன். போன மாதம் விழுகிற வரைக்கும் அவர் செய்த வேலைக்கு நீ இன்னும் சம்பளம் தரவில்லை. அதையும் கொண்டு வா. வெற்றிலை பாக்கு வேண்டாம், என்னிடமும் தராதே. அவர் கையில் கொடு.

உன் அக்கா
விஜயராணி